சாயம் ஏறிய சக்கையை எங்கே கொட்டுவது?

மைசூரு தேவராஜ மொஹல்லாவின் பழைய மார்க்கெட்டில் சுற்றுலாப் பயணிகள் காமிராவோடு நிற்கும் இடம் குங்குமக் கடைகள்தான். சிவப்பு, மஞ்சள், ஊதா, பச்சை என்று பொடிகளைக் கூம்பு கூம்பாகக் குவித்து வைத்திருப்பார்கள். அதே மார்க்கெட்டில் மளிகைச் சரக்கும் கிடைக்கும். சோம்பு, வெந்தயம், மல்லி. இந்தச் சாயப் பொடிக்கும் சோம்புக்கும் வேதியியலில் ஓர் உறவு உண்டு. சோம்புச் சக்கை சாயத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

கடையில் நாம் வாங்கும் முழுச் சோம்பைச் சொல்லவில்லை. சோம்பில் ஒரு பகுதி மருந்துச் சாரம், வாசனை எண்ணெய் தயாரிக்கும் ஆலைகளுக்குப் போகிறது. அங்கே நீராவியில் எண்ணெயை இறக்குவார்கள். கரைப்பானில் ஊறவைத்துப் பிசின் போன்ற சாரத்தை எடுப்பார்கள். நூறு கிலோ சோம்பில் ஆவியாகும் எண்ணெய் சில கிலோதான். மிச்சமெல்லாம் சக்கை. வெந்தயத்துக்கும் மல்லிக்கும் கதை இதேதான். உணவுத் தொழில்நுட்பத்துக்கான மத்திய ஆராய்ச்சி நிலையம் 1950 முதல் இயங்கும் ஊர் மைசூரு. மசாலாப் பொருள்களிலிருந்து சாரம் எடுக்கும் தொழில்நுட்பத்தில் நெடுங்காலம் உழைத்த நிறுவனம் அது. ஆகவே அந்தச் சக்கை மைசூரு வேதியியலாளர்களின் கண்ணில் பட்டதில் வியப்பில்லை. மைசூருப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் கற்பித்த சையத் அகீல் அகமதும் அவரோடு சேர்ந்த ஆய்வாளர்களும் 2017, 2018 வாக்கில் வெளியிட்ட கட்டுரைகளில், சாரம் எடுத்த சோம்புச் சக்கை காங்கோ சிவப்பு என்ற துணிச் சாயத்தையும், மரபணு ஆய்வகங்களில் டி.என்.ஏ.வுக்கு நிறமூட்டப் பயன்படும் எத்திடியம் புரோமைடையும் நீரிலிருந்து எப்படி இழுக்கிறது என்று அளந்து காட்டினார்கள். இரண்டாவது பொருள் ஆய்வகத்தில் கையுறை இல்லாமல் தொடக்கூடாத சரக்கு.

பள்ளிப் பாடநூல் இந்த நிகழ்வைப் பரப்புக் கவர்தல் என்கிறது. நீரில் கரைந்திருக்கும் மூலக்கூறு ஒரு திடப்பொருளின் மேற்பரப்பில் போய் ஒட்டிக்கொள்கிறது, உள்ளே கரைந்துவிடுவதில்லை. இதைப் பார்க்க ஆய்வகம் தேவையில்லை. டீ போட்டு முடித்த தூளை எடுத்து, வடியும் நீர் தெளியும்வரை நாலைந்து முறை அலசுங்கள். மீன் தொட்டிக் கடையில் நோய்க்கு மருந்தாக விற்கும் மெத்திலீன் நீலம் இரண்டு சொட்டை ஒரு பாட்டில் தண்ணீரில் விட்டு, அலசிய தூளில் இரண்டு கரண்டி போட்டுக் குலுக்குங்கள். சில நிமிடங்களில் நீலம் வெளிறத் தொடங்கும். அரை மணி கழித்து வடிகட்டினால் நீலம் பெரும்பாலும் போயிருக்கும். போன நிறம் அழிந்துவிடவில்லை. கறுத்த டீத்தூள் மேல் உட்கார்ந்திருப்பதால் நம் கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். (கையில் பட்டால் இரண்டு நாளைக்குப் போகாது, குழந்தைகளின் பள்ளிச் சீருடையைத் தள்ளி வையுங்கள்.)

இனி அதே சோதனையைக் கேசரிப் பவுடரை வைத்துச் செய்து பாருங்கள். எவ்வளவு குலுக்கினாலும் மஞ்சள் அசைந்து கொடுக்காது. கொஞ்சம் வினிகர் ஊற்றினால் சற்றே இறங்கி வரும்.

ஏன் இந்தப் பாகுபாடு? தாவரச் சக்கை என்பது செல்லுலோசும் லிக்னினும். அதன் மேற்பரப்பில் கார்பாக்சில், ஹைட்ராக்சில் தொகுதிகள் இருக்கின்றன; சாதாரண நீரில் அவற்றில் சில ஹைட்ரஜன் அயனியை விட்டுவிட்டு எதிர்மின்சுமையோடு நிற்கும். மெத்திலீன் நீலம் நேர்மின்சுமை கொண்டது, போய் ஒட்டிக்கொள்கிறது. கேசரிப் பவுடரின் சாயங்களில் சல்போனேட் தொகுதிகள் உண்டு, அவையும் எதிர்மின்சுமைதான். ஆகவே விலக்குகிறது. அமிலம் சேர்த்தால் சக்கையின் மேற்பரப்பு ஹைட்ரஜன் அயனிகளைத் திரும்ப வாங்கிக்கொள்வதால் விலக்கு குறைகிறது. சாயமும் கழிவும் சந்திக்கும் இடத்தில் பாதி அரசியலைத் தீர்மானிப்பது இந்தக் கார அமில அளவுதான். பரப்புக் கவர்தல் பற்றிய ஆய்வுக் கட்டுரைகளில் ஏராளமானவை மெத்திலீன் நீலத்தை மாதிரிச் சாயமாக எடுத்துக்கொள்வதன் காரணமும் இப்போது விளங்கியிருக்கும். அது எந்தத் தாவரச் சக்கைமேலும் எளிதில் ஒட்டும். நல்ல மதிப்பெண் வாங்கித் தரும் சாயம்.

மின்சுமை பாராமல் பிடிக்கும் பொருள் வேண்டுமென்றால் கரிதான். அதுவும் அடுப்புக்கரி போதாது, கிளர்வூட்டிய கரி. தேங்காய்ச் சிரட்டையைக் காற்றுப் புகாமல் சுட்டுக் கரியாக்கி, பிறகு 900 டிகிரி செல்சியஸ் அளவுச் சூட்டில் நீராவியைச் செலுத்துவார்கள். நீராவி கரியின் கார்பனோடு வினைபுரிந்து கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனுமாக வெளியேறும். போன இடத்தில் நுண்துளை விழும். இப்படி அரித்து அரித்து, கரியின் உடம்பே துளைகளாலானது என்று சொல்லும் நிலைக்குக் கொண்டுவருவார்கள். அதன் ஒரு கிராமில் உள்ள மேற்பரப்பை விரித்தால் 1000 சதுர மீட்டர், அதாவது ஏறக்குறைய 25 சென்ட் நிலம் வரும். இதை எப்படி அளந்தார்கள் என்று சந்தேகம் வருவது நியாயம். நைட்ரஜன் வாயுவை மைனஸ் 196 டிகிரியில் கரியின்மேல் படியவிட்டு, எத்தனை மூலக்கூறுகள் ஓர் அடுக்காக உட்கார்ந்தன என்று கணக்கிடுவார்கள். புரூனவர், எம்மெட், டெல்லர் என்ற மூவர் 1938இல் தந்த முறை. இன்றும் அதுதான் அளவுகோல்.

சிரட்டைக்கு இந்த மதிப்பு வந்தது ஒரு போரால். 1915 ஏப்ரலில் பெல்ஜியத்தின் ஈப்ரு நகருக்கருகே ஜெர்மன் படை குளோரின் வாயுவைத் திறந்துவிட்டது. அதே ஆண்டு ரஷ்ய வேதியியலாளர் நிக்கோலாய் செலின்ஸ்கி கிளர்வூட்டிய கரி நிரப்பிய முகமூடியை உருவாக்கினார். சிரட்டைக்கரி இதற்குச் சிறந்தது என்று தெரிந்ததும் அதற்குத் தட்டுப்பாடு வந்தது. 1918இல் அமெரிக்காவில் பீச் பழக்கொட்டைகளைச் சேர்த்துத் தரும்படி பொதுமக்களைக் கேட்டார்கள். குப்பையைப் பொறுக்கிக் கவர்பொருள் செய்வது அன்றைக்கே தொடங்கிவிட்டது. இன்று தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் சிரட்டைக்கரி ஏற்றுமதித் தொழில். இலங்கையின் ஹேகார்ப் நிறுவனம் 1973இல் தொடங்கியது.

கழிவிலிருந்து கவர்பொருள் செய்வதில் நம் பக்கத்தில் விடாமல் உழைத்த பெயர் ஒன்றைச் சொல்ல வேண்டுமென்றால் கோவை பாரதியார் பல்கலைக்கழகச் சுற்றுச்சூழல் அறிவியல் துறையின் சி. நமசிவாயத்தைச் சொல்வேன். சாண எரிவாயுக் கலனிலிருந்து வெளிவரும் கசடு, வாழைத்தண்டு, ஆரஞ்சுத் தோல், தென்னை நார்க்கழிவு என்று கையில் கிடைத்ததையெல்லாம் சோதித்த ஆய்வுக்குழு அவருடையது. அவற்றில் எனக்குப் பிடித்தது தாவரக் கழிவு அல்ல, ஓர் ஆலைச் சேறு.

உரத் தொழிற்சாலை போன்ற பெரிய ஆலைகளில் குளிர்விக்கும் நீர் குழாய்களில் சுற்றிக்கொண்டே இருக்கும். குழாய் துருப்பிடிக்காமலிருக்க அந்த நீரில் குரோமேட் கலப்பது ஒரு காலத்து வழக்கம். குரோமேட்டிலிருப்பது ஆறிணைதிறக் குரோமியம், புற்றுநோய்க் காரணி. நீரை வெளியே விடுமுன் அதை அடக்க வேண்டும். அமில நிலையில் மின்பகுப்பின் மூலம் இரும்பு அயனிகளை உண்டாக்கினால் அவை குரோமியத்தை மூன்றிணைதிறத்துக்கு இறக்கிவிடும். பிறகு சுண்ணாம்பு சேர்த்தால் இரும்பும் குரோமியமும் ஹைட்ராக்சைடாகச் சேர்ந்து படியும். நீர் தப்பியது, சேறு மிஞ்சியது. ஆலை அதைக் குவித்துவைத்தது. நமசிவாயம் குழு அந்தச் சேற்றை எடுத்து உலர்த்தித் தூளாக்கி, அதன்மேல் வேறு நஞ்சுகளை ஒட்டவைத்தது. 1995இல் காட்மியம், 1998இல் ஆர்சனிக், இடையில் பல சாயங்கள். இரும்பு ஹைட்ராக்சைடின் மேற்பரப்பு ஆர்சனேட்டை விரும்பிப் பிடிக்கும் என்பது வேதியியலில் தெரிந்த சங்கதி. அதை ஒரு நச்சு நீர்ச் சுத்திகரிப்பின் எச்சத்திலிருந்தே எடுத்ததுதான் அழகு.

பாக்சைட்டும் நிலக்கரியும் விட்டுச் செல்லும் எச்சங்களையும் இப்படியே சோதித்திருக்கிறார்கள். பாக்சைட்டிலிருந்து அலுமினா எடுத்தபின் மிஞ்சும் செஞ்சேறு (மேட்டூர்க்காரர்கள் கண்ணால் கண்டது) இரும்பு ஆக்சைடு நிறைந்தது, ஆனால் கடுங்காரம். 2010 அக்டோபர் 4 அன்று ஹங்கேரியின் அய்க்காவில் செஞ்சேற்று அணை உடைந்து ஊருக்குள் பாய்ந்தபோது ஆட்களைக் கொன்றதில் அந்தக் காரத்துக்கும் பங்கு உண்டு. அனல்மின் நிலையச் சாம்பலைச் சோடியம் ஹைட்ராக்சைடில் கொதிக்கவைத்தால் அதிலுள்ள சிலிக்காவும் அலுமினாவும் மறுபடி அடுக்கிக்கொண்டு ஜியோலைட் ஆகும் என்பது 1985 முதல் தெரியும். நெல் உமிச் சாம்பல் கடைக்கே வந்துவிட்டது. 2009 டிசம்பரில் டாடா நிறுவனம் அறிமுகப்படுத்திய ஸ்வச் நீர்வடிகட்டியில் உமிச் சாம்பலோடு நானோ வெள்ளி சேர்ந்திருந்தது.

இவ்வளவும் சரி. எனக்குள்ள தகராறு வேறிடத்தில்.

கழிவைக் கவர்பொருளாக்கும் ஆய்வுகள் உலகெங்கும் ஆயிரக்கணக்கில் வருகின்றன. ஒரு கிராம் சக்கை இத்தனை மில்லிகிராம் சாயத்தைப் பிடித்தது என்று ஓர் எண் இருக்கும். லாங்மியர் 1918இல் தந்த சமன்பாட்டில் பொருத்தியிருப்பார்கள். வரைபடம் அழகாக வளைந்து தட்டையாகும். சோதித்த நீர் பெரும்பாலும் வாலை வடிநீர். அதில் ஒரே ஒரு சாயம். குடுவை சின்னது. இதை எடுத்துக்கொண்டு திருப்பூருக்குப் போய் ஒரு சாயப்பட்டறைக் குழாயடியில் நிற்போம்.

அங்கே பருத்திக்குப் போடுவது ரியாக்டிவ் சாயம். சல்போனேட் தொகுதிகள் உள்ள எதிர்மின்சுமைச் சாயம். அதாவது கேசரிப் பவுடர் கட்சி. தொட்டி நீர் கடுங்காரம், ஏனெனில் சாயம் இழையோடு பிணையச் சோடா தேவை. சாயத்தைத் துணிப்பக்கம் தள்ளுவதற்காக லிட்டருக்குப் பல பத்து கிராம் உப்பு கொட்டியிருப்பார்கள். ஆகவே தாவரச் சக்கை அங்கே வேலைசெய்ய வேண்டுமானால் முதலில் அமிலம் ஊற்றிக் காரத்தை இறக்க வேண்டும். அந்த அமிலம் நீரில் இன்னும் உப்பைக் கூட்டும். உப்பு என்றதும் திருப்பூர்க்காரர்கள் காதைத் தீட்டிக்கொள்வார்கள். நொய்யல் ஆற்றையும் அதன் ஒரத்துப்பாளையம் அணையையும் கெடுத்ததில் நிறத்தைவிட உப்புக்குப் பங்கு அதிகம். 1992இல் பாசனத்துக்கென்று கட்டிய அணை சாயக்கழிவுத் தேக்கமாயிற்று. 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர்நீதிமன்றம் சாய, சலவை ஆலைகளை மூட உத்தரவிட்டது. நிறத்தை எடுத்துவிட்டால் நீர் கண்ணுக்குத் தெளிவாக இருக்கும். கரைந்த உப்பு அப்படியே இருக்கும். சோம்புச் சக்கையோ சிரட்டைக்கரியோ சமையல் உப்பைப் பிடிக்காது. அதற்கு எதிர்ச்சவ்வூடு பரவலும் ஆவியாக்கும் கலன்களும் வேண்டும். திருப்பூர் கடைசியில் போய்ச் சேர்ந்ததும் அங்கேதான். அங்கும் முடிவில் ஒரு கலப்பு உப்பு மிஞ்சி மூட்டைகளில் காத்திருக்கிறது என்பது தனிக் கதை.

சரி, நிறத்துக்கு மட்டும் சக்கையை வைத்துக்கொள்வோம். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எண்கள் என் அனுமானம், விகிதம்தான் முக்கியம். நாளொன்றுக்கு ஒரு லட்சம் லிட்டர் நீர், லிட்டரில் 200 மில்லிகிராம் சாயம். மொத்தம் 20 கிலோ சாயம். ஒரு கிராம் சக்கை 50 மில்லிகிராம் பிடிக்கும் என்று ஆய்வகம் சொன்னால் 400 கிலோ சக்கை வேண்டும். உண்மை நீரில் பாதி வேலைதான் செய்யும் என்று கொண்டால் 800 கிலோ. வடிகட்டி எடுக்கும்போது அது தன் எடைக்குச் சமமாவது நீரைச் சுமந்திருக்கும். ஆக 20 கிலோ சாயத்தை அப்புறப்படுத்தப் போய், சாயம் ஏறிய ஒன்றரை டன் ஈரச் சக்கையை ஒவ்வொரு சாயங்காலமும் லாரியில் ஏற்ற வேண்டும். அதைக் குப்பை மேட்டில் கொட்டினால் முதல் மழையில் ஒரு பகுதி சாயம் திரும்ப இறங்கும். ஒட்டியது போலவே விடுபடுவதும் இந்த நிகழ்வின் இயல்பு. இது போதாதென்று, டீத்தூளை அலசியபோது பழுப்பு நீர் வந்ததே, அதுபோலச் சுடாத தாவரச் சக்கை தன்னிடமுள்ள கரிமப் பொருளையும் நீரில் விடும்.

அகீல் அகமது குழு இந்தக் கேள்வியைத் தவிர்க்கவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். சாயம் ஏறிய சக்கையைப் பிளாஸ்டிக் கலவைகளில் நிரப்புப்பொருளாகச் சேர்க்கலாம் என்ற யோசனையை அவர்கள் முன்வைத்தார்கள். ஆனால் அப்படி யோசிக்கும் கட்டுரைகள் குறைவு. பிடித்ததைச் சொல்லிவிட்டு, பிடித்துவைத்திருப்பதை என்ன செய்வது என்பதற்கு ஒரு வரியோடு நிறுத்திக்கொள்வதே வழக்கம்.

சிரட்டைக்கரி மட்டும் ஏன் தொழிலாக நின்றது என்று பார்த்தால் விடை இங்கேதான் இருக்கிறது. நிரம்பிய கரியை மறுபடி உலையில் சுட்டால் ஒட்டியது எரிந்துபோகும். கரியில் கொஞ்சம் தேய்மானம், மிச்சம் திரும்பப் பயன்படும். சோம்புச் சக்கையை உலையில் போட்டால் சாம்பல்தான் வரும். இன்னொன்று, தங்கம். சுரங்கத் தாதுவைச் சயனைடு கரைசலில் ஊறவைத்தால் தங்கம் கரைந்து வரும். 1970களிலிருந்து உலகின் பல சுரங்கங்களில் அந்தக் கரைந்த தங்கத்தைச் சிரட்டைக்கரியில் பிடித்து, பிறகு சூடான காரக் கரைசலால் இறக்கி எடுக்கிறார்கள். தங்கம் ஏறிய கரியை எங்கே கொட்டுவது என்று அங்கே யாரும் கேட்பதில்லை. பிடிபட்ட பொருளுக்கு விலை இருந்தால் மீட்கும் வழி தானாகக் கண்டுபிடிக்கப்படுகிறது. சாயம் இறங்கிய நீருக்கு அந்த விலை இல்லை; ஆகவே அங்கே சட்டமும் நீதிமன்றமும்தான் விலை வைக்க வேண்டியிருக்கிறது.

கழிவு இலவசம் என்ற நம்பிக்கையும் நெடுநாள் நிற்பதில்லை. பொள்ளாச்சிப் பக்கம் கயிற்று ஆலைகளின் பின்னால் தென்னை நார்க்கழிவு மலைமலையாகக் கிடந்த காலத்தில் அதைக் கரியாக்கிக் காங்கோ சிவப்பைப் பிடிக்கலாம் என்றது கோவையின் 2002 ஆண்டுக் கட்டுரை. பிறகு அந்தக் கழிவை அலசி, உப்பு நீக்கி, கட்டியாக அழுத்தி, செடி வளர்க்கும் ஊடகமாக வெளிநாட்டுக்கு அனுப்பத் தொடங்கினார்கள்; அது விலைச்சரக்காயிற்று. அனல்மின் சாம்பலை 1999 செப்டம்பர் அறிவிக்கை செங்கல்லுக்கும் சிமெண்டுக்கும் திருப்பிவிட்டது. கரும்புச் சக்கை ஆலையின் கொதிகலனில் எரிந்து மின்சாரமாகிறது. உடனடிக் காபி ஆலைகளில் காபிச் சக்கையும் அப்படித்தான். மைசூருவிலேயே பழைய உதாரணம் இருக்கிறது: 1916இல் தொடங்கிய சந்தன எண்ணெய் ஆலையில் எண்ணெய் இறக்கிய சந்தனத் தூளை ஊதுவத்திக்காரர்கள் வாங்கிக்கொள்வார்கள். வாசனை இன்னும் மிச்சமிருக்கும் சக்கையைச் சாயத்துக்கு யார் தருவார்கள்?

ஆகவே கவர்பொருளாகப் போவதற்கு மிஞ்சுவது வேறு எதற்கும் உதவாத கழிவுதான். கரைப்பான் பட்டதால் தீவனத்துக்குத் தயங்கும் மூலிகைச் சக்கை, உரத் தொழிற்சாலைச் சேறு போன்றவை. இடமும் சிறிதாக இருக்க வேண்டும்: எத்திடியம் புரோமைடு வெளியேறும் ஓர் ஆய்வகம், நாளைக்கு நூறு லிட்டர் கழிவுநீர், நிரம்பிய ஒரு கிலோ சக்கையைப் பையில் கட்டி உயர்வெப்ப எரிகலனுக்கு அனுப்பும் ஏற்பாடு. மைசூருச் சோதனைகளில் துணிச் சாயத்தைவிட அந்த ஆய்வகச் சாயம் எனக்கு நம்பிக்கை தருவது இதனால்தான்.

உரத் தொழிற்சாலைச் சேற்றுக்கு என்ன ஆயிற்று? குரோமேட்டின் நச்சுத்தன்மை தெரிந்தபின் குளிர்விக்கும் நீரில் அதன் இடத்தைப் பாஸ்பேட், பாஸ்பனேட் வகைகள் பெரும்பாலும் பிடித்துக்கொண்டன. குரோமேட் கலக்காத குளிர்நீரில் இரும்பு குரோமியச் சேறு படிவதில்லை. காட்மியத்தையும் ஆர்சனிக்கையும் அவ்வளவு நன்றாகப் பிடித்த கவர்பொருளுக்கு இப்போது மூலப்பொருள் கிடைப்பதே அரிது.